நாணலில் நின்ற குருகு

கெர்பனின் கோட்டுப் பையில் அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, அவன் வீட்டு வாசல் கதவுக்குப் புதிதாக வெட்டி வாங்கிய சாவி. மற்றது, தின்னாமல் ஒளித்து வைத்த அதிமதுர மிட்டாய்கள்.

சாவி லீஸ்பெத்துக்கு. அதை அவள் கையில் கொடுத்து, "என் வீட்டுக்கே வந்துடேன்" என்று கேட்டுவிட வேண்டும் என்று கிறிஸ்துமஸிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு ஞாயிறும் சாவி ஏரியை ஒரு சுற்று சுற்றிவிட்டு அவனோடு வீட்டுக்குத் திரும்பி வந்தது. இன்றைக்கு அப்படி நடக்காது என்று காலையில் ஷூ நாடாவைக் கட்டும்போதே முடிவு செய்திருந்தான்.

மிட்டாய் லீஸ்பெத் கொடுத்தது. உப்புப் போட்ட கறுப்பு அதிமதுர மிட்டாய் என்றால் அவளுக்கு உயிர். பையில் ஒரு பொட்டலம் இல்லாமல் வெளியே வரமாட்டாள். கெர்பனுக்கு அதன் வாசனையே ஆகாது. ஊர் முழுக்கச் சப்பிக்கொண்டு திரியும் மிட்டாய் தனக்கு மட்டும் பிடிக்காது என்று பழகிய புதிதில் சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் சொல்லும் நேரம் தாண்டிவிட்டது. அவள் பைனாகுலரைக் கண்ணில் வைக்கும்போது இவன் மிட்டாயைப் பைக்குள் விட்டுவிடுவான்.

"மிட்டாய்?" என்று இப்போதும் நீட்டினாள்.

"குடு."

"போன தடவை வாங்கினதைவிட இது உப்பு தூக்கலா இருக்குல்ல?"

"ம்ம். தூக்கல்தான்," என்றான் கெர்பன், மூடிய கைக்குள் மிட்டாயை வைத்துக்கொண்டே.

உட்ரெக்ட் நகரத்துக்குத் தெற்கே, வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் அந்த ஏரி, நெடுஞ்சாலை போடுவதற்காக மணல் தோண்டிய பள்ளம். இப்போது சுற்றிலும் நாணலும் வில்லோ மரமும் வளர்ந்து, தான் பள்ளம் என்பதையே மறந்துவிட்டது. ஜனவரி மாதம். கரையோரம் மெல்லிய பனிக்கட்டி படிந்திருந்தது. நடுவில் தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. அதில் நாமக்கோழிகள் நெற்றியில் வெள்ளையோடு கூட்டமாக மிதந்துகொண்டு, ஒன்றை ஒன்று துரத்திச் சண்டை போட்டன. குடுமி வாத்துகள் காற்றுக்கு முதுகைக் காட்டித் தூங்கின.

இவர்கள் அறிமுகமே இவன் திட்டு வாங்கியதில்தான் ஆரம்பித்தது. மனைவி ஈனா இறந்த மறு வருடம், கெர்பன் தன் நாய் மோப்பை இங்கே அவிழ்த்து விட்டான். அது தண்ணீரில் பாய்ந்து ஏரியிலிருந்த அத்தனை வாத்தையும் கிளப்பிவிட்டது. நாணலுக்குப் பின்னாலிருந்து பச்சைத் தொப்பி போட்ட ஒரு பெண் எழுந்து வந்து, "ஏங்க, உங்க நாய்க்கு அறிவு இல்லைன்னா உங்களுக்குமா இல்ல?" என்றாள். டிராம் ஓட்டுகிறவன் அவன். எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறான். இது மட்டும் வீட்டுக்குப் போன பிறகும் சிரிப்பு மூட்டியது. அடுத்த ஞாயிறு நாயை வீட்டிலேயே விட்டுவிட்டுத் தனியாக வந்தான்.

பறவைகளைப் பற்றி அவனுக்கு அதிகம் தெரியாது. லீஸ்பெத்தைப் பார்க்க வந்தான், அவள் பறவைகளைப் பார்த்தாள், அவ்வளவுதான். ஆனால் இந்த ஏரிக்காரர்களின் ஒரு சட்டத்தை மட்டும் சீக்கிரமே கற்றுக்கொண்டான். பார்த்தேன் என்றால் பார்த்திருக்க வேண்டும். ஏரிக்கு என்று கைபேசியில் ஒரு குழு உண்டு. நடத்துகிறவர் லீஸ்பெத்தின் அண்ணன் எவர்ட். அரிதான பறவை என்றால் ஒருவர் பார்த்தது போதாது, கூட இன்னொருவர் கண்ணும் வேண்டும். சந்தேகம் என்றால் சந்தேகம் என்றே போட வேண்டும். போன குளிர்காலத்தில் தைஸ் என்பவர் சாதாரணப் பருந்தைக் கடல் கழுகு என்று போட்டுவிட்டார். இன்றைக்கும் ரொட்டிக் கடையில் அவரைக் கண்டால் யாராவது ஒருவர், "என்ன தைஸ், கழுகு சௌக்கியமா?" என்கிறார்கள்.

ஏரியின் மேற்குக் கோடியில், பறவைகளுக்குத் தெரியாமல் மறைந்து நின்று பார்ப்பதற்காகப் பலகைத் தடுப்பு ஒன்று வைத்திருந்தார்கள். அதில் பெரியவர்களுக்கு உயரத்தில் ஓட்டை, குழந்தைகளுக்குத் தாழ்வாக ஓட்டை. லீஸ்பெத் தொலைநோக்கியை முக்காலியில் நிறுத்தி ஒரு ஓட்டையில் பொருத்தினாள். கெர்பன் பையில் கைவிட்டுச் சாவியைத் தொட்டுப் பார்த்தான். இங்கேயே கேட்டுவிடலாமா? யாரும் இல்லை.

"கெர்பன்." அவள் குரல் திடீரென்று இறங்கியது. "அசையாத."

"என்ன?"

"அந்த முறிஞ்ச வில்லோ தெரியுதா? அதுக்கு இடப்பக்கம், பனிக்கட்டி முடியுற இடத்துல பாரு. நாணலுக்குள்ள பழுப்பா, கோடு கோடா... குருகுன்னு நினைக்கறேன். நாணல் குருகு."

அந்தப் பெயரை அவன் கேள்விப்பட்டிருந்தான். கழுத்தை நீட்டி, அலகை வானத்துக்குத் தூக்கி நின்றால் நாணலோடு நாணலாகிவிடும் பறவை. ஏரிகள் உறையும்போது கிழக்கிலிருந்து ஒன்றிரண்டு ஒதுங்கும். இந்த ஏரியில் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று லீஸ்பெத் எத்தனையோ குளிர்காலமாகக் காத்திருந்தாள்.

"நீ பாரு," என்று விலகி நின்றாள்.

கெர்பன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். நாணல் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் நாணல். அதற்குப் பின்னாலும் நாணல். பழுப்புதான். கோடு கோடுதான். ஆனால் நாணல் எல்லாமே அப்படித்தானே இருக்கிறது.

"தெரியுதா?"

அவள் அவன் கோட்டுக் கையைப் பிடித்திருந்தாள். மூக்கு நுனி குளிரில் சிவந்து, கன்னமெல்லாம் சந்தோஷமாக இருந்தது. இந்த முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று சொல்லவா? குருகு கிடைத்த நாளில் சாவியையும் கொடுத்தால் எப்படி இருக்கும்!

"தெரியுது," என்றான்.

"அலகு?"

"மேல தூக்கின மாதிரி."

"ஆடுதா? காத்துக்கு நாணல் ஆடினா அதுவும் கூடவே ஆடும்."

"ஆமா, லேசா ஆடுது." முதல் பொய்யைவிட இரண்டாவது சுலபமாக வந்தது. மூன்றாவதுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"நிச்சயமா? நீ சொன்னாதான் நான் குழுவுல போடுவேன்."

"போடு. நிச்சயமாத்தான்."

அவள் கையுறையைக் கழற்றி, கைபேசியில் தட்டினாள். நாணல் குருகு, மேற்குத் தடுப்பு, இருவர் பார்த்தது.

எவர்ட் ஏரிக்கரைத் தெருவிலேயே குடியிருப்பவர். செய்தி போன சூட்டோடு சைக்கிள் மணி கேட்டது. பைஜாமா மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு, தொலைநோக்கியை முதுகில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பின்னாலேயே மூச்சு வாங்க தைஸ்.

"எங்க? எங்க?"

"சத்தம் போடாத எவர்ட். முறிஞ்ச வில்லோவுக்கு இடப்பக்கம்."

எவர்ட் முக்காலியை நிறுத்திக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. கெர்பன் சாவியைப் பிடித்தபடி அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான். இருந்துவிடட்டுமே என்று வேண்டிக்கொண்டான். பொய்யாகச் சொன்னது மெய்யாகவே அங்கே நின்றுவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

"லீஸ்பெத்," என்றார் எவர்ட் கடைசியில். "உன் குருகுக்கு ஓரத்துல தையல் போட்டிருக்கும்மா."

"என்னது?"

"கால்மிதி. தென்னைநார் கால்மிதி. யாரோ தண்ணில வீசியிருக்காங்க. கம்புல மாட்டி நட்டுக்க நிக்குது."

தைஸ் அவரைத் தள்ளிக்கொண்டு குனிந்தார். "அட, ஆமா! 'நல்வரவு'ன்னு எழுதியிருக்கு. பாதி அழிஞ்சுபோச்சு." நிமிர்ந்தபோது அவர் மீசைக்குக் கீழே சிரிப்பு தாங்கவில்லை. "என் கழுகுக்குத் துணை கிடைச்சாச்சு. இனிமே ரொட்டிக் கடைல என்னை விட்டுடுவாங்க."

லீஸ்பெத்தும் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். அப்புறம், "ஆமா. கால்மிதி," என்றாள். அவள் முகம் சிவந்தாலும் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

எவர்ட் கெர்பன் பக்கம் திரும்பினார். கல்யாணப் பேச்சே எடுக்காதபோதும் அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார், வம்புக்கு. "ஏன் மாப்ளே, இருவர் பாத்ததுன்னு போட்டிருக்காளே. நீ என்ன பாத்த?"

"அலகு மேல தூக்கியிருந்துச்சுன்னான்," என்றாள் லீஸ்பெத். "ஆடுதுன்னான்."

மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். எனக்கு அப்படித்தான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். அதை மறுக்க யாராலும் முடியாது. கெர்பன் வாயைத் திறந்தான். லீஸ்பெத்தின் கண்ணைப் பார்த்தான்.

"நான் ஒண்ணும் பாக்கல," என்றான். "கால்மிதியைக்கூடப் பாக்கல. எனக்கு நாணல் மட்டுந்தான் தெரிஞ்சுது."



"இங்க பாரு கெர்பன்," என்றார் எவர்ட். இந்தத் தடவை மாப்பிள்ளை போடவில்லை. "தப்பா பாக்கறது எல்லாருக்கும் நடக்கறது. இதோ நிக்கறானே, இவன் கழுகு பாத்தவன். ஆனா இவன் பாத்தான்ப்பா. பாத்துட்டுத் தப்பா சொன்னான். நீ பாக்காமலே சொல்லிருக்க."

"அதானே!" என்றார் தைஸ். இந்தக் கரையில் தனக்காக யாரும் வாதாடி அவர் கேட்டதில்லை.

லீஸ்பெத் மறுபடியும் கையுறையைக் கழற்றினாள். அவள் தட்டியது கெர்பன் கைபேசியிலும் வந்து விழுந்தது. குருகு இல்லை, கால்மிதி. தவறு என்னுடையது. அவன் பேரே அதில் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

எவர்ட்டும் தைஸும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்கள். இவர்கள் மீதிச் சுற்றை நடந்தார்கள். வழக்கமாக இங்கே அவள் அவன் கையைக் கோத்துக்கொள்வாள். இன்றைக்கு இரண்டு கையும் கோட்டுப் பையில். ஓடுகிறவர்கள் மூச்சுப் புகையோடு கடந்து போனார்கள்.

"கோவமா?" என்றான்.

"கால்மிதிக்காக இல்ல. கால்மிதியைக் குருகுன்னு நினைச்சது நான்தான்." நடந்துகொண்டே தொடர்ந்தாள். "என் வலது கண்ணுல புரை விழுந்திருக்கு. மார்ச்சுல ஆபரேஷன். எல்லாம் மங்கலா, ஓரத்துல புகை மாதிரி தெரியுது. எவர்ட்டுக்குச் சொல்லல. சொன்னா, நாளைக்கே எனக்குக் கருப்புக் கண்ணாடி மாட்டி வீட்ல உக்கார வச்சிருவான்."

"எனக்கும் சொல்லலையே."

"இன்னிக்குச் சொல்லலாம்னுதான் வந்தேன். அதுக்குள்ள குருகு வந்துடுச்சு." சிரிக்கவில்லை. "எனக்குச் சந்தேகமா இருந்துச்சு. அதனாலதான் உன்ன பாக்கச் சொன்னேன். உன் கண்ணைக் கேட்டேன் கெர்பன். நீ என் மூஞ்சியைப் பாத்துட்டு பதில் சொல்லிருக்க."

 அவள் சொன்னது அப்படியே சரி.

"என் புருஷனா இருந்தானே ராப், அவன் அப்படித்தான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எல்லாத்துக்கும் ஆமா. சோபா நல்லாருக்கா? ஆமா. லீவுக்கு எங்கம்மா வீட்டுக்குப் போலாமா? ஆமா. ஒரு நாள் சாயங்காலம் வந்து, எனக்கு இந்த வீட்ல எதுவுமே பிடிச்சதில்லன்னு சொல்லிட்டுப் போயிட்டான். எதுடா பிடிக்கலன்னு கேட்டா, சோபாலேர்ந்து ஆரம்பிக்கறான்." நின்று அவன் பக்கம் திரும்பினாள். "நீ வேற எதுக்கெல்லாம் ஆமா சொல்லிருக்க? இப்பவே சொல்லிடு. நின்னு கேட்டுக்கறேன்."

கெர்பன் யோசித்தான். பிறகு கோட்டுப் பைக்குள் கையை விட்டு, இருந்ததை அப்படியே வெளியே எடுத்தான். உடம்புச் சூட்டில் இளகி, ஒன்றோடொன்று ஒட்டி, நூலும் தூசியுமாகக் கறுப்பு உருண்டை ஒன்று வந்தது.

"இது என்ன?"

"நீ குடுத்த மிட்டாய்."

"எந்த மிட்டாய்? இன்னிக்குக் குடுத்ததா?"

"இன்னிக்கு, போன வாரம்... இந்தக் குளிர்காலம் மொத்தமும் இதுல இருக்கு. எனக்கு அது பிடிக்காது லீஸ்பெத். வாயில வச்சா குமட்டுது. முதல் நாள் சொல்லியிருக்கணும்."

அவள் உருண்டையைப் பார்த்தாள். அவள் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, கோபமா சிரிப்பா என்று அவனுக்குத் தெரியவில்லை. "உப்பு தூக்கல்னியே கொஞ்சம் முன்னாடி."

"நீ சொன்ன. நானும் சொன்னேன்."

"அதுல என்ன பளபளன்னு?"

உருண்டையின் ஒரு பக்கம் சாவியின் தலை துருத்திக்கொண்டு நின்றது. இதைக் கொடுப்பதற்கு என்னென்னவோ வார்த்தைகள் யோசித்து வைத்திருந்தான். எல்லாம் எங்கேயோ போய்விட்டன.

"என் வீட்டுச் சாவி. உனக்குன்னு வெட்டினது. கிறிஸ்துமஸ்லேர்ந்து குடுக்கணும்னு இருக்கேன். நீ வந்து என்னோட இருக்கணும்னு. கேட்கற தைரியம் வரல. இன்னிக்குக் கேட்கலாம்னு வந்தேன், இன்னிக்குப் பாத்து..." நிறுத்தினான். "பதில் சொல்ல வேண்டாம். கேட்டுட்டேன், அவ்வளவுதான்."

 அவள் சாவியை வாங்கவில்லை. நடக்க ஆரம்பித்தாள். அவன் உருண்டையைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு பின்னால் போனான்.

நெடுஞ்சாலைக்குக் கீழே ஏரித் தண்ணீர் வாய்க்காலில் விழும் இடத்தில் மரக் கம்பங்கள் வரிசையாக நிற்கும். ஓடுகிற தண்ணீர் உறையாது என்பதால் குளிர்காலத்தில் மீன்கொத்தி அங்கேதான் வரும். லீஸ்பெத் பைனாகுலரை எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"கடைசிக் கம்பத்து மேல நீலமா இருக்கே," என்றாள் மெதுவாக. "மீன்கொத்தியா?"

பைனாகுலரை அவனிடம் நீட்டினாள். சோதிப்பதற்காகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்கிறாள் என்று அவள் நெற்றிச் சுருக்கத்தில் தெரிந்தது. கெர்பன் பார்த்தான். நீலம் இருந்தது. மீன்கொத்தியாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தான். இன்னும் உற்றுப் பார்த்தான்.

"நீலமா என்னமோ இருக்கு. என்னன்னு தெரியல."

"மீன்கொத்தி இல்லையா?"

"தலை தெரியல. அலகு தெரியல. மீன்கொத்தின்னு என்னால சொல்ல முடியாது."

"நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாத்தேன் லீஸ்பெத். தெரியல."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் பைனாகுலரை அவள் கையில் கொடுத்துவிட்டு, சரிவில் இறங்கி, பனியில் உறைந்த சேற்றை மிதித்துக்கொண்டு கடைசிக் கம்பம் வரை போனான். கம்பத்து மேலிருந்தது பறக்கவில்லை. நீலக் கம்பளிக் கையுறை. யாரோ குழந்தை தவறவிட்டது, தேடி வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று கம்பத்தின் தலையில் யாரோ மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

"கையுறை!" என்று அங்கிருந்தே கத்தினான். "கட்டைவிரல்ல ஓட்டை!"

லீஸ்பெத் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஒரே நாளில் கால்மிதியும் கையுறையும். அவன் மேலே ஏறி வரும்போது அவள் சிரித்து முடித்திருக்கவில்லை. "குழுவுல போடட்டுமா? நீலக் கையுறை, இருவர் பாத்ததுன்னு?"

"போடு. இதுக்கு நான் சாட்சி."

வாய்க்கால் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். லீஸ்பெத் பையிலிருந்து இரண்டு பிளாஸ்க் எடுத்தாள். ஒன்றில் தேநீர், இன்னொன்றில் பட்டாணி சூப். கரண்டி நட்டால் நிற்கும் கெட்டியில் ஒரு குவளை ஊற்றிக் கொடுத்தாள். கெர்பன் குடித்தான்.

"எப்படி இருக்கு?" என்றாள். கேட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

"நல்லாருக்கு." இன்னொரு வாய் குடித்தான். "உப்பு கம்மி."

"எப்பவுமா?"

"எப்பவுமே கம்மிதான். மிட்டாய்ல போடறதுல பாதி இதுல போட்டாப் போதும்."

"இதையும் இவ்வளவு நாள் சொல்லல, பாத்தியா," என்றாள். அதில் கோபம் இல்லை.

ஏரியில் நீர்க்காகம் ஒன்று இறக்கையை விரித்து நின்றது.

"மார்ச்சுல ஆபரேஷனுக்கு யாராவது கூட வரணும்னாங்க," என்றாள். "ரெண்டாவது வாரம். செவ்வாய்க்கிழமை. வருவியா?"

'வருவேன்' என்பது அவன் நாக்கு நுனி வரை வந்தது. "அந்த வாரம் எனக்குக் காலை ஷிப்ட். மாத்திக்கணும். மாத்த முடியும்னுதான் நினைக்கறேன், நாளைக்குக் கேட்டுட்டுச் சொல்றேன்."

"கேட்டுட்டு சொல்லு." அவள் கையை நீட்டினாள். "அந்தக் கண்றாவியை எடு."

அவன் கைக்குட்டையைப் பிரித்தான். அவள் உருண்டையைக் கரையோரக் கல்லின்மேல் வைத்து, தேநீரைச் சூடாக மேலே ஊற்றினாள். கறுப்பு கரைந்து உறைபனியில் கோடாக ஓடியது. கடைசியில் சாவி மட்டும் மிஞ்சியது. அதைத் தொப்பி நுனியில் துடைத்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, இடது கண்ணால் பார்த்தாள்.

"இது கதவைத் திறந்து வந்து பாக்கறதுக்குத்தான். குடிவரதுக்கு இல்ல. புரியுதா? பாத்துட்டு, என்ன பிடிக்கல, என்ன பிடிச்சிருக்குன்னு சொல்றேன். நீயும் சொல்லணும்."

"சரி."

"உன் வீட்டுத் திரைச்சீலை இப்பவே எனக்குப் பிடிக்கல."

"எனக்கும் பிடிக்காது. ஈனா வாங்கினது. அவளுக்கே பிடிக்கல."

சாவி அவள் கோட்டுப் பைக்குள், மிட்டாய்ப் பொட்டலத்தோடு போய் விழுந்தது. அவள் ஒரு மிட்டாயை எடுத்தாள். பழக்கத்தில் கை அவன் பக்கம் பாதி நீண்டது. கையைத் திருப்பித் தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள்.

"உன் வாசல்ல கால்மிதி இருக்கா?"

"இருக்கு. பழசு. நீ வந்தா மாத்திடலாம்."

"மாத்தலாம். ஆனா பழசைக் கொண்டுவந்து இங்க போட்டுடாத," என்று எழுந்து, தொலைநோக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவன் கையைக் கோத்துக்கொண்டாள்.